ஸ்லிப்-ஆன், ஃபுல் சிஸ்டம், டிபி கில்லர்: சைலன்சர் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

பைக்கின் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கியதைப் பொருத்துவது பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. மாதிரிக்கு எடுத்துக்கொண்ட வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. இரட்டை சிலிண்டர், 648 சிசி, சிலிண்டருக்கு ஒரு பெண்ட் பைப், பக்கத்துக்கு ஒரு சைலன்சர். பாகங்கள் தனித்தனியாகக் கழல்வதால் விளக்குவது சுலபம்.

கிளட்ச், பிரேக் மாதிரி சைலன்சரும் நம் சொல்லாகிவிட்டது, அதைத் தொடவில்லை. ஆனால் எஞ்சின் தலையிலிருந்து வால் நுனி வரை எல்லாவற்றையும் ‘சைலன்சர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கையேட்டில் அப்படி எழுதினால் எந்த நட்டைக் கழற்றச் சொல்கிறோம் என்பதே புரியாமல் போகும். கைவசம் உள்ள வரைவுச் சொற்கள்:

ஆஃப்டர்மார்க்கெட்: பிற்சந்தை
ஸ்லிப்-ஆன்: நழுவுபொருத்தி
ஃபுல் சிஸ்டம்: முழு அமைப்பு
ஹெடர் அல்லது பெண்ட் பைப்: தலைக்குழாய்
டிபி கில்லர்: ஒலிக்கொல்லி
பேக் பிரஷர்: பின்னழுத்தம்

திருத்தி உதவுங்கள்.

மடல் 2

> ஸ்லிப்-ஆன்: நழுவுபொருத்தி

நழுவுகிற சைலன்சரை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? தமிழில் நழுவுவது என்றால் கையை விட்டுப் போவது. இங்கே நடப்பது செருகல். பெண்ட் பைப்பின் கடைசி முனை மேல் சைலன்சரின் வாய் ஏறி உட்காரும், அதைச் சுற்றி ஒரு கிளாம்ப் இறுக்கும், பின்னால் ஒரு போல்ட் தாங்கும். ‘செருகு சைலன்சர்’ என்று போடுங்கள். கடையில் சொன்னால் உடனே எடுத்துக் கொடுப்பார்.

‘பிற்சந்தை’ வேண்டவே வேண்டாம். சந்தைக்குப் பின்பக்கத்தில் விற்பது என்று படிப்பார்கள். பட்டறையில் ‘கம்பெனி ஐட்டம்’, ‘வெளி ஐட்டம்’ என்ற பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒட்டி ‘ஆலைப் பொருத்து’, ‘வெளிப் பொருத்து’ என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

‘தலைக்குழாய்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஹெட்லைட் இருக்கிற இடத்தில் தேடுவார்கள். பெண்ட் பைப் என்பது ஊரெல்லாம் தெரிந்த பெயர். ‘வளைகுழாய்’ அதற்கு நேராகப் பொருந்தும்.

ஒன்றைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் வளைகுழாயும் சைலன்சரும் ஒரே வெல்டிங்காக வரும். அவற்றுக்குச் செருகு சைலன்சர் கிடையாது, குழாயை அறுத்தால்தான் உண்டு. பொருத்துவது வேறு, அறுப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிப்பவர் ரம்பத்தோடு உட்கார்ந்துவிடுவார்.

மடல் 3

செருகு சைலன்சர் சரி. ‘முழு அமைப்பு’ என்பதுதான் மொட்டையாக நிற்கிறது. எதன் முழு அமைப்பு?

இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு நீளத்தில் இல்லை, கேட்கானில், அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியில் இருக்கிறது. இன்டர்செப்டரில் அது வளைகுழாய்க்குள்ளேயே இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரும் வளைகுழாயில், சிலிண்டருக்கு ஒன்று. அதனால் செருகு சைலன்சர் மாட்டினால் இரண்டும் இருந்த இடத்தில் இருக்கும், மாறுவது சத்தமும் எடையும் மட்டும். இசியூ (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எஞ்சின் கணினி) வைத்திருக்கும் மேப்பை, அதாவது பெட்ரோல் அளவுப் பட்டியலை, பெரும்பாலும் தொட வேண்டியதில்லை.

வளைகுழாயோடு மாற்றினால் கதையே வேறு. வெளிப் பொருத்து வளைகுழாய்கள் பலவற்றில் கேட்கான் இருக்காது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டுக் குழல் அது. சூடேறிய பிறகு கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் மாற்றும். கலவை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவை ஒட்டி இருந்தால்தான் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும், சென்சார் இருப்பதே அதற்குத்தான். தேன்கூட்டை எடுத்துவிட்டால் 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பிஎஸ்6 புகை விதியில் அந்த வண்டி தேறாது.

கலவைக் கணக்கும் மாறுகிறது. சீராக ஓட்டும்போது இசியூ சென்சாரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால் சென்சாரை விட்டுவிட்டு, பதிந்து வைத்த மேப்பை மட்டும் நம்பும். குழாய் மாறிய வண்டியில் அந்த மேப் பழைய குழாய்க்கு எழுதியது. பெட்ரோல் குறைந்து எஞ்சின் கொதிக்கும் இடம் அதுதான்.

ஆகவே பொருளுக்குப் பெயர் வைப்பதைவிட வேலைக்குப் பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து. கேட்கானுக்குப் பின்னால் மட்டும் மாற்றுவது ‘கடைமாற்று’. எஞ்சின் தலையிலிருந்து மாற்றுவது ‘அடிமாற்று’.

மடல் 4

> கேட்கானுக்குப் பின்னால் மட்டும் மாற்றுவது ‘கடைமாற்று’

கடையை மாற்றச் சொல்கிறீர்களா அண்ணா? சங்கத் தமிழில் கடை என்றால் முனைதான், இன்றைக்கு மளிகைக் கடை. அடிமாற்று என்றாலும் டயரைத்தான் நினைப்பார்கள். ‘பின்மாற்று’, ‘முழுமாற்று’ என்று சொல்லிப் பாருங்கள். முழுமாற்று என்று கேட்டதும் எல்லாம் போகிறது, கேட்கானும் சேர்த்து என்ற எச்சரிக்கை அதிலேயே வந்துவிடுகிறது.

மடல் 5

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்கட பாடநூல்களில் ‘அமுக்கம்’, ‘ஒட்சிசன்’, ‘ஊக்கி’ என்றுதான் படிச்சு வந்திருக்கிறம். கையேட்டை இங்கேயும் வாசிப்பினம். கையேட்டின் உள்ளே அழுத்தம், ஆக்சிஜன் என்று இருக்கட்டும், சொற்பட்டியலில் மட்டும் எங்கட வடிவத்தையும் பக்கத்தில் போட்டு விடுங்கோ. கேட்கானைச் சுருக்கமாக ‘ஊக்கிக்கூடு’ என்றால் என்ன? ‘வினையூக்கி மாற்றி’ என்று எழுதினால், முழுமாற்று, பின்மாற்று எல்லாவற்றோடும் சேர்ந்து மாற்று மாற்று என்று தலை சுத்துது.

மடல் 6

ஊக்கிக்கூடு அருமை. தேன்கூடும் உள்ளே இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இனி ‘பின்னழுத்தம்’. இதில் சொல்லைவிடக் கருத்தே தவறாகப் பரவியிருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

“பேக் பிரஷர் போச்சு, அதான் லோ எண்டுல இழுவை இல்லை” என்பது பட்டறை வாக்கு. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இழுவை குறைவது உண்மை. காரணம்தான் அது இல்லை. குழாயில் வெளியேறும் வளிக்கு எதிராக நிற்கும் அழுத்தம் எஞ்சினுக்கு எந்த வேகத்திலும் சுமைதான். பிஸ்டன் அதைத் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். பின்னே எதற்காக இழுவை குறைகிறது?

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் சட்டென்று அகலும் இடத்தில் அது எதிர்மறை அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் திரும்பி வந்து சேர்ந்தால், எரிந்த வளியை இழுத்துப்போட்டுப் புதுக் கலவைக்கு இடம் செய்கிறது. எந்த ஆர்பிஎம்மில் சரியாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. குழாயின் விட்டத்தைக் கூட்டினால் வளியின் ஓட்ட வேகம் குறையும், அலையும் பலமிழக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போவது இதனால்தான். அழுத்தம் காணாமல் போனதால் இல்லை.

‘பின்’ என்ற முன்னொட்டு ‘பின்னால் இருந்து தள்ளும் உதவி’ என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. ‘எதிரழுத்தம்’ என்று சொன்னால் அது வேண்டாத பொருள் என்பது சொல்லிலேயே தெரியும். திரும்பி வரும் அலைக்கு ‘மீள் அலை’, அது செய்யும் வேலைக்கு ‘இழுவெளியேற்றம்’.

டூ ஸ்ட்ரோக்கில் இது தலைகீழ். ஆர்எக்ஸ்100 போன்ற வண்டிகளில் குழாயின் நடுவயிறு பெருத்து, பிறகு ஒடுங்கும். ஒடுங்கும் கூம்பிலிருந்து நேர்மறை அலை திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கும் புதுக் கலவையை சிலிண்டருக்குள்ளேயே திரும்ப அடைக்கும். உள்ளே இருக்கும் தகட்டைப் பிடுங்கினால் சத்தம் கூடுவதோடு நிற்காது, இந்த அலைக் கணக்கும் கெடும். அந்த வயிற்றுக்கு ‘விரியறை’ என்று பெயர் வைத்துக்கொண்டு, கையேட்டில் அதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்குங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் பகுதியோடு கலக்க வேண்டாம்.

மடல் 7

> டிபி கில்லர்: ஒலிக்கொல்லி

பூச்சிக்கொல்லி மாதிரி இருக்கிறது! பொருளைப் பார்த்தால் பெயர் தானே வரும். சைலன்சரின் வால் வாயில் செருகும் ஒரு சிறு குழல், ஒரே ஒரு திருகு அல்லது ஒரு சர்க்ளிப் (கவ்வும் கம்பி வளையம்) பிடித்திருக்கும். செய்வது ஒன்றுதான், வாயைக் குறுக்குவது. ‘வாய்க்குறுக்கி’.

வாய்க்குறுக்கியைக் கழற்றுவது பற்றிக் கையேடு மழுப்பக் கூடாது. பெரும்பாலான வெளிப் பொருத்துகள் நடுவில் துளையிட்ட நேர்க்குழல், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு என்ற அமைப்பு. கம்பெனி சைலன்சரில் இருக்கும் தடுப்பறைகள் இதில் இல்லை. வாய்க்குறுக்கியையும் எடுத்துவிட்டால் சத்தத்தைப் பிடிக்கப் பஞ்சு மட்டுமே மிச்சம். பஞ்சு நாளாக ஆகக் கருகிப் பறந்துவிடும், பிறகு அதுவும் இல்லை. சத்தம் மாதாமாதம் ஏறுகிறது என்றால் ரிவெட்டை எடுத்துப் பஞ்சு மாற்ற வேண்டிய நேரம் என்று பொருள்.

சட்டம்: ஓடும் வண்டிக்கான ஒலி வரம்பு 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. இது வண்டி ஐஎஸ் 3028 என்ற இந்தியத் தர முறைப்படி வேகமெடுத்துக் கடந்து போகும்போது அளப்பது. நின்ற இடத்தில் செல்போனை நீட்டி அளந்த எண்ணை இதோடு ஒப்பிடுவது வீண். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை விதியை மீறினால் 190(2) பிரிவு: முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம். டப்பாவில் ‘ரேஸ் டிராக்கில் மட்டும்’ என்று அச்சிட்டிருப்பது அழகுக்காக இல்லை.

மடல் 8

எல்லாருக்கும் நன்றி. இதுவரை வந்த சொற்களை வைத்து எழுதிய ஒரு பக்கம் கீழே. எங்கே இடறுகிறது என்று பாருங்கள்.

“பின்மாற்று. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கிளாம்ப் போல்ட்டில் துருநீக்கி எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் ஊற விடவும். முதலில் கிளாம்பைத் தளர்த்தி, பிறகு பின் ஃபுட்ரெஸ்ட் அருகே உள்ள தாங்கு போல்ட்டைக் கழற்றவும். மறு கையால் சைலன்சரைத் தாங்கிக்கொள்ளாவிட்டால் முழு எடையும் வளைகுழாய் முனையில் தொங்கி அதை வளைத்துவிடும். இடம் வலமாகத் திருகிப் பின்னோக்கி இழுக்கவும், சுத்தியலால் தட்ட வேண்டாம். குழாய் முனையில் உள்ள துருவை எமரித் தாளால் தேய்த்து எடுக்கவும்.

புதிய கிளாம்பை முதலில் சைலன்சர் வாயில் மாட்டிவிட்டுப் பிறகு செருகவும். வாயில் வெட்டியிருக்கும் பிளவு முழுவதும் குழாயின் மேல் ஏறி உட்கார வேண்டும். பாதி செருகி இறுக்கினால் கிளாம்ப் இறுகியது போல இருக்கும், வளி கசியும். தாங்கு போல்ட்டை ரப்பர் புஷ்ஷோடு கையால் மட்டும் திருகி, சைலன்சர் இயல்பாக நிற்கும் கோணத்தைப் பார்த்த பின் கிளாம்பையும், கடைசியில் தாங்கு போல்ட்டையும் இறுக்கவும். இழுத்துப் பிடித்து இறுக்கினால் தாங்குபட்டை வெல்டிங் ஓரமாக விரிசல் விடும். எம்8 (8 மி.மீ.) போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. சர்வீஸ் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவும். ஸ்டார்ட் செய்யும் முன் கைரேகை, எண்ணெய் எல்லாவற்றையும் துடைக்கவும். துடைக்காத ரேகை சூட்டில் ஸ்டீல் மேல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஒருமுறை சூடேறி ஆறிய பிறகு மீண்டும் இறுக்கவும்.

முழுமாற்று. சென்சார் வயரின் கனெக்டரை முதலில் பிரிக்கவும். பிரிக்காமல் சென்சாரைத் திருகினால் வயர் முறுக்கி உள்ளே அறுந்துவிடும். எஞ்சின் தலையில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட் வளையத்தைத் தேடி எடுக்கவும். அதன் மேலேயே புதியதை வைத்தால் உட்காராது.”

மடல் 9

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தம்.

‘வளி கசியும்’ போதாது. கசிவு என்றால் வெளியே போவது என்றுதான் நினைப்பார்கள். வளைகுழாய் இணைப்பில் இடைவெளி இருந்தால் புகை வெளியேறும் இரண்டு துடிப்புக்கு நடுவே குழாயின் அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் ஆக்சிஜனைப் பார்த்துப் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்ல, இசியூ கூட்டிவிடும். மைலேஜ் இறங்கும், பிளக் கறுக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிப்பதற்கும் பல வண்டிகளில் இதே ஓட்டைதான் காரணம். அந்தச் சத்தத்தைக் கேட்டு மேப்பை மாற்றப் போவதற்கு முன், வால் வாயில் துணியை வைத்துச் சற்று அடைத்து, இணைப்பில் ‘ச்ச்’ என்று கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கரிக்கோடு படிந்திருந்தால் ஓட்டை அங்கேதான். ஆகவே ‘கசிவு’ வேண்டாம், ‘காற்றுப் புகவு’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது, ‘கேஸ்கெட் வளையம்’. மதுரைப் பக்கம் இதை ‘பேக்கிங்’ என்றுதான் கேட்பார்கள், கண்ணாடிப் பஞ்சுக்கும் சில கடைகளில் அதே பெயர். முழுமாற்றில் இரண்டுமே வருகிறது. ஒன்றுக்கு ‘அடைவளையம்’, மற்றதற்குப் ‘பஞ்சுச் சுற்று’ என்று பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் வேறு பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவார்.