பழைய வண்டி ஒயரிங்: இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கிற சம்பவம் இருந்தா சொல்லுங்க

துருவேறியவன்:
நானே ஆரம்பிக்கிறேன். 1960கள்ல வந்த இங்கிலாந்து ட்வின், ரெண்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிள், 12 வோல்ட். 18 வருஷம் ஷெட்டுல சாஞ்சு கிடந்தது. இஞ்சின் கதையெல்லாம் வேண்டாம், அது ஒழுங்காத்தான் இருந்தது.

பாட்டரி தட்டுக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு ஒயர் ஃப்ரேம்ல போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. சிவப்புன்னா பாசிட்டிவ், அதைப் போய் ஃப்ரேம் எர்த்ல மாட்டியிருக்கானே, எந்தப் புண்ணியவான் வேலைன்னு தனியா நின்னு சிரிச்சேன். 'சரி' பண்ணிட்டேன். நெகட்டிவை ஃப்ரேமுக்குக் கொடுத்து, பழுப்புல நீலக் கோடு போட்ட ஒயரை பாசிட்டிவ்ல இறுக்கினேன். சாவியைக்கூடத் தொடலைங்க.

சீட்டுக்கு அடியில அடுப்புல தண்ணி தெளிச்ச மாதிரி ஒரு சத்தம். பார்த்தா அந்தப் பழுப்பு ஒயர் மேல் தோல் கொப்புளம் கொப்புளமா எழும்புது, அப்படியே சொட்டுது. டெர்மினல் நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கினவன் நான்தான். ஸ்பேனர் எங்கன்னு கை தேடுது, கண்ணு புகையை விட்டு நகரமாட்டேங்குது. கடைசியில ஒயரையே பிடிச்சு இழுத்தேன். ரெண்டு விரல் தோல் உரிஞ்சது.

அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டியில பாசிட்டிவ்தான் எர்த்னு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு அன்னிக்குத் தெரியாது. பாட்டரி திரும்பினா ரெக்டிஃபையரும் (ஏசியை டிசி ஆக்கறது) ஜீனர் டயோடும் (வோல்ட் எகிறாம பார்த்துக்கறது) கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆயிடும், நேரா ஷார்ட்.

உறுத்தறது அது இல்லை. முந்தின நாள் டூல் பாக்ஸ் மூடியை மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சேன். வெள்ளை பெயிண்ட்ல ஒரு '+', பக்கத்துல அரைகுறையா ஏதோ எழுத்து. அப்பா எழுதினது. அழுக்குன்னு நினைச்சு நான்தான் தேய்ச்சு எடுத்தேன்.

கிக்கர்:
மேல எழுதினவருக்கு: உங்க தப்பு பாட்டரி திருப்பினது இல்லை, ஃப்யூஸ் இல்லாம இணைச்சது. ஃப்யூஸ் இருந்திருந்தா 'டப்'னு ஒரு சத்தத்தோட முடிஞ்சிருக்கும்.

என்னோடது 6 வோல்ட் புல்லட். ஃப்ரேம் மொத்தம் புது பெயிண்ட், ஒயரிங் செட் புதுசு, பல்பு புதுசு. ராத்திரி எடுத்துட்டுப் போறேன். நேரா போனா வெளிச்சம் இருக்கு. வலது பக்கம் வளைச்சா விளக்கு மெதுவா சிவந்து, மங்கி, அணைஞ்சே போச்சு. ஹேண்டிலை நேராக்கினா திரும்ப வருது. மேட்டுல ஒரு வளைவு, அதுல முழு இருட்டு. பாட்டரிக்குக் கரண்ட் ஏறுதா இறங்குதான்னு காட்டுற ஆம்ஸ் மீட்டர் முள்ளு மட்டும் மேல ஏறிக்கிட்டு நிக்குது. லோடு விட்டுப் போச்சுன்னு அது சொல்லுது, பார்த்துப் புரிஞ்சுக்கிற நிலைமையில நான் இல்லை.

ஹெட்லைட் கரண்ட் ஃப்ரேமுக்குத் திரும்பிப் போற வழி ஹேண்டில் திரும்புற இடத்துல இருக்கிற ஸ்டியரிங் பால் ரேஸ் குண்டுகள்தான். அதுல கிரீஸ், மேலயும் கீழயும் புது பெயிண்ட். ஹெட்லைட் டூமுக்குள்ள இருந்து பாட்டரி எர்த் வரைக்கும் தனியா ஒரு ஒயர் இழுத்தேன். அவ்வளவுதான்.

ஆறு வோல்ட்:
என் அனுபவம் சிறியது. மேக்னெட்டோ வண்டி, அதாவது காந்தத்தைச் சுழற்றித் தானே இக்னிஷன் கரண்டை உண்டாக்குவது. அதை முன்பு வைத்திருந்தவர் சாவி ஒன்று பொருத்தியிருந்தார். ஒரு நாள் சாவியை எடுத்துவிட்டேன், இஞ்சின் நிற்கவில்லை. சாவி என் கையில், வண்டி தன் பாட்டுக்கு ஓடுகிறது. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் காலியாகும்வரை அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இரண்டு நிமிடம் நான் எவ்வளவு முட்டாளாகத் தெரிந்திருப்பேன் என்பது இன்றும் நினைவுக்கு வருகிறது.

மேக்னெட்டோவுக்கு பாட்டரி தேவையே இல்லை. அதை நிறுத்த எர்த் கொடுக்க வேண்டும், கரண்டை வெட்டினால் நிற்காது. இன்னொன்று: இஞ்சினை நிறுத்தும் அந்தக் கில் ஒயரில் பாட்டரி கரண்ட் ஒருபோதும் போகக் கூடாது. காந்தத்தின் வலு குறைந்துவிடும். ஒயரிங்கைப் பிரிக்குமுன் அந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

'6 வோல்ட்டில் வெளிச்சம் வராது, 12-க்கு மாற்று' என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 6 வோல்ட் 35 வாட் பல்பு ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். அதே 35 வாட் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான். சுவிட்ச், ஹோல்டர், எர்த் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு ஓம் தடை இருந்தால் 6 வோல்ட் வண்டியில் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதாவது பத்தில் ஒரு பங்கு. பல்புக்கு அது பத்தில் ஒரு பங்கு இழப்பு அல்ல, வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். 12 வோல்ட்டில் அதே துரு 0.3 வோல்ட்தான் தின்னும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பலவீனம் 6 வோல்ட்டில் இல்லை, உங்கள் இணைப்புகளில் இருக்கிறது. ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பாட்டரியின் எர்த் டெர்மினலிலும் மற்றதைப் பல்பு ஹோல்டரின் உடம்பிலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே அதிகம். ஓம்ஸில் வைத்துப் பார்ப்பது வீண். ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருக்கும் ஒயரும் ஓம்ஸில் நல்லதாகவே காட்டும்.

களிம்பு பிடித்த ஒயரை வெட்டிப் பாருங்கள். முனை பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் இன்னும் இரண்டு அங்குலம் வெட்டுங்கள். உள்ளேயும் அப்படியே என்றால் அந்த ஒயர் முழுவதும் குப்பைக்கு. கறுத்த செம்பில் சாலிடர் ஒட்டாது.

கிக்கர்:
யாரும் 12 வோல்ட்டுக்கு மாத்தறதைப் பத்தி இங்க பேசவே இல்லையே சார்?

டைனமோக்காரன்:
நான் பேசறேன். கணக்கு சரி, ஆனா 50 வருஷ இணைப்பு எல்லாத்தையும் பளபளன்னு வெச்சுக்க எல்லாராலயும் முடியாது. 12க்கு மாத்திட்டா அந்தத் தொல்லை விட்டது.

என் கதை வேற. பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த்தா மாத்தினேன். ஆம்ஸ் மீட்டர் ஒயரை இடம் மாத்தினேன், எல்லாம் பண்ணினேன். டைனமோவுக்குப் புது பக்கம் பழக்கணும்னு மட்டும் தெரியாது. உள்ள மிச்சமிருக்கிற காந்தம் பழைய பக்கமே கரண்ட் கொடுத்தது. ரெகுலேட்டருக்குள்ள டைனமோவை பாட்டரியோட சேர்த்துப் பிரிக்கிற கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கிட்டது. டைனமோவுல D, F முனைகள்ல இருக்கிற ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு, பாட்டரியில எர்த் ஆகாத முனையில இருந்து ஒரு ஒயரை F-ல ஒரு நொடி தொட்டு எடுத்தா போதும். சின்னதா ஒரு பொறி வரும். அந்த ஒரு நொடி வேலைக்காக நான் ஒரு ரெகுலேட்டரைத் தொலைச்சேன்.

பின்சீட்டு:
இதுல என்னோடதுதான் கேவலமானது. ஃப்யூஸ் போகும், மாத்துவேன், தனியா ஓட்டினா நாள் முழுக்க ஒண்ணும் ஆகாது. மனைவி ஏறினா போகும். "நான் ஏறினாத்தான் உங்க வண்டிக்கு உடம்பு முடியாம போகுமா?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். மூணு வாரமா ஹெட்லைட் பக்கத்து ஒயரிங் மொத்தத்தையும் டேப்பைப் பிரிச்சுக் குடல் மாதிரி வெளிய எடுத்துப் போட்டிருந்தேன்.

கடைசியில ஃப்யூஸ் இருக்கிற இடத்துல ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடரா மாட்டினேன். ஷார்ட் ஆனா பல்பு எரியும், வேற எதுவும் கருகாது. சாவி போட்டு, பார்க் லைட்டும் போட்டேன். இக்னிஷனுக்கும் அந்த லைட்டுக்கும் லேசா ஒரு கீற்று, அவ்வளவுதான். அவங்களை உட்காரச் சொன்னேன். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சது. இறங்கச் சொன்னேன், அணைஞ்சது. மறுபடி உட்கார்ந்தாங்க, எரிஞ்சது. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை.

பின் மட்கார்டுக்கு உள்பக்கம் டெயில் லாம்ப் ஒயரைப் பிடிக்கிற கிளிப் ஒண்ணு விட்டுப்போயிருக்கு. பாரம் ஏறினா சஸ்பென்ஷன் இறங்கி டயர் ஒயரை மட்கார்டு மேல அழுத்துது. தோல் போன இடம் கட்டை விரல் நகம் அளவுதான். முதல் நாளே அவங்க சொன்னதுதான் விஷயம்.

துருவேறியவன்:
கிக்கர் சொன்னது உண்மை, என் வண்டியில ஃப்யூஸே கிடையாது. இப்ப பாட்டரி பக்கத்துலயே ஒண்ணு வெச்சிருக்கேன். கருகின ஒயர் எல்லாம் மாத்தியாச்சு, பாசிட்டிவ் எர்த்தாவே விட்டுட்டேன். பாட்டரி மட்டும் ரெண்டு நாள்ல இறங்கிடுது, பழைய பாட்டரின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இப்பதான் பின்சீட்டு சொன்ன மாதிரி பல்பை மாட்டிப் பார்த்தேன். சாவி மேசை மேல இருக்கு. பல்பு மங்கலா எரியுது.

பின்சீட்டு:
ரெக்டிஃபையரை மாத்தினீங்களா?

துருவேறியவன்:
இல்லை. பார்க்க நல்லாத்தான் இருந்தது.

பின்சீட்டு:
அதோட பாட்டரிப் பக்கத்து ஒயரை மட்டும் கழட்டுங்க. நடு நட்டைத் தொடாதீங்க, ரெக்டிஃபையர் தட்டு திரும்பினா உள் இணைப்பு அறுந்துடும்.

துருவேறியவன்:
கழட்டினேன். அணைஞ்சிடுச்சு.