அம்மாவின் யானைக்கால் வீக்கத்தில் மஞ்சள் முடிச்சுகள்: யாருக்காவது அனுபவம் உண்டா?

அம்மாவுக்கு வயது 62, ஊர் கும்பகோணம் பக்கம். இடது காலில் 18 வருடமாக யானைக்கால் வீக்கம். எட்டு மாதமாகக் கணுக்காலுக்கு மேலே துவரம்பருப்பு அளவில் மஞ்சள் முடிச்சுகள். வலி இல்லை, ஆனால் சேலைக் கரை உரசினாலே நீர் கசிகிறது.

முதலில் மரு என்று களிம்பு தந்தார்கள், பயனில்லை. அப்புறம் தோல் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் சாந்தோமா, அதாவது கொழுப்புப் படிவு என்று வந்தது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 168தான். யானைக்காலில் நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடிய வேண்டிய நீர், தேங்கும் இடத்தில் அதிலுள்ள கொழுப்பு தோலிலேயே தங்கிவிடும், ரத்த அளவு சரியாக இருந்தாலும் வரலாம் என்றார் மருத்துவர்.

தினமும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டுகிறோம். வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, முடிச்சுகள் அப்படியே.

உங்கள் வீட்டில் யாருக்காவது இது கட்டுப் போட்டே கரைந்ததா, இல்லை அறுவை செய்துதான் எடுத்தீர்களா?