அடிமை முறை ஒழிந்த பிறகும் அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்கள் நிலமற்றவர்களாகவே இருந்தது ஏன்?

இளவேனில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வரலாற்றுப் படிப்புக்காக அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1865-இல் பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் அடிமை முறையை ஒழித்தது, சுமார் 40 லட்சம் பேர் விடுதலை பெற்றார்கள், 1868-இல் குடியுரிமையும் 1870-இல் ஆண்களுக்கு வாக்குரிமையும் உறுதிசெய்யப்பட்டன என்று பாடநூல் ஓர் அத்தியாயத்தை முடிக்கிறது. அடுத்த அத்தியாயத்தைத் திறந்தால் அதே மக்கள் அதே பருத்திக் காடுகளில், விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழும், கடனில் மூழ்கிய வாரக்குடிகளாக நிற்கிறார்கள். இடையில் நடந்ததற்கு 'இனவெறி' என்பதைத் தவிர வேறு விளக்கம் அதில் இல்லை. இனவெறி இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த ஏற்பாடுகளின் வழியாக அது ஒரு குடும்பத்துக்கு நிலம் கிடைக்காமல் செய்தது, எப்படி ஆண்டுதோறும் கடனில் நிறுத்தியது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 40 ஏக்கர் நிலமும் ஒரு கோவேறு கழுதையும் தருவதாக அரசு வாக்களித்திருந்தது என்பார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

ஏட்டுச்சுவடி:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1865 ஜனவரி 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில், பிரிந்துபோன தென்மாநிலங்களோடு போரிட்ட வடக்கின் படைத்தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் 20 கறுப்பின மதபோதகர்களை அழைத்துப் பேசினார்கள். விடுதலைக்குப் பின் உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, குழுவின் சார்பில் பேசிய கேரிசன் ஃப்ரேசியர் என்ற முதியவர், நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பாலேயே உழுது பிழைத்துக்கொள்வோம் என்று தெளிவாகச் சொன்னார். நான்கு நாள்கள் கழித்து ஷெர்மன் பிறப்பித்த 15-ஆம் எண் களஆணை, தென்கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரையிலான கடலோரத் தீவுகளையும் கரையோர நிலங்களையும் விடுதலை பெற்றவர்களுக்கென ஒதுக்கி, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் உழுநிலம் தரலாம் என்றது. ஆணையில் கழுதையைப் பற்றிப் பேச்சே இல்லை. படைக்கு மிஞ்சிய விலங்குகளைப் பின்னர் சிலருக்குக் கொடுத்ததிலிருந்து அந்தத் தொடர் மக்கள் வாயில் ஏறிக்கொண்டது. அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 40,000 பேர் சுமார் 4 லட்சம் ஏக்கரில் குடியேறிவிட்டார்கள்.

ஆகவே நாடு முழுவதற்குமான வாக்குறுதி என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு படைத்தளபதி போர்க்காலத்தில் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதிக்கு மட்டும் போட்ட உத்தரவு அது, முழு உரிமைப் பட்டாவும் அதில் இல்லை. ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் குடியரசுத் தலைவரானார். மே 29 அன்று அவர் வெளியிட்ட பொதுமன்னிப்பு, விசுவாச உறுதிமொழி எடுத்துக்கொண்ட தென்மாநிலத்தவருக்கு அடிமைகள் நீங்கலான மற்ற சொத்துகளைத் திருப்பித் தந்தது. பெரும் செல்வந்தர்கள் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தாலும், அவர்களுக்கும் மன்னிப்பு தாராளமாகவே கிடைத்தது. அந்த 40,000 பேர் உழுதுகொண்டிருந்த நிலத்துக்குப் பழைய முதலாளிகள் உரிமையோடு வந்து நின்றார்கள்.

அக்டோபரில் தென்கரோலினாவின் எடிஸ்டோ தீவில் நடந்ததைப் படித்தால் நெஞ்சு கனக்கும். விடுதலை பெற்றோர் நலனுக்கான அரசுப் பணியகத்தின் தலைவரான தளபதி ஹோவர்டு, நிலத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் பழைய முதலாளிகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல அங்கே அனுப்பப்பட்டார். மக்கள் சார்பில் ஒரு குழு அவருக்கு மறுமொழி எழுதியது. எங்கள் முதலாளிகளை மன்னிக்கச் சொல்கிறீர்கள். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவன், தன் நிலத்தில் வேலை செய்தாலொழிய தன் காலிக் குடிசையில்கூட என்னைத் தங்க விடமாட்டேன் என்கிறான், அவனை நான் எப்படி மன்னிப்பது என்பது அதன் சாரம். அந்த மடலால் எதுவும் மாறவில்லை.

நாடாளுமன்றத்தில் மாற்று யோசனையே எழவில்லை என்றும் நினைக்க வேண்டாம். பென்சில்வேனியாவின் தாடியஸ் ஸ்டீவன்ஸ், கிளர்ச்சி செய்த பெருநிலக்காரர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து குடும்பத்துக்கு 40 ஏக்கர் வீதம் பிரித்துத் தர வேண்டும் என்றார். தனிச்சொத்தில் கைவைக்க வடக்கின் குடியரசுக் கட்சியினரே பெரும்பாலோர் தயாராக இல்லை. 1866-இல் வந்த தென்மாநிலக் குடியேற்றச் சட்டம் ஐந்து மாநிலங்களின் அரசு நிலத்தைத் திறந்துவிட்டது என்னவோ உண்மைதான். எஞ்சிக் கிடந்ததில் பெரும்பகுதி சதுப்பும் பைன் காடும். ஏரோ விதையோ முதலோ இல்லாத ஒருவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பத்தே ஆண்டுகளில் அந்தச் சட்டமும் நீக்கப்பட்டது.

கரிசல்காடு:

நிலம் கிடைக்காத கதையை மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் நிலமில்லாத எல்லோரும் கடனாளியாக வேண்டும் என்று கட்டாயமில்லை, கூலி வாங்கிப் பிழைக்கலாம் அல்லவா? தென்மாநிலங்களில் அது நடக்காததற்குக் காரணம் பணம். என் பார்வையில், நிலத்தைவிடக் கடனுதவி யார் கையில் இருந்தது என்பதே அடுத்த 70 ஆண்டுகளைத் தீர்மானித்தது.

போர் முடிந்தபோது தெற்கின் நாணயம் வெறும் தாளாகியிருந்தது, வங்கிகள் சரிந்திருந்தன. 1863, 1864 ஆம் ஆண்டுகளின் தேசிய வங்கிச் சட்டங்கள் கேட்ட மூலதனத்தைத் திரட்டத் தென்மாநிலச் சிற்றூர்களால் முடியவில்லை. நிலத்தை அடமானமாகப் பெற்றுக் கடன் தரவும் தேசிய வங்கிகளுக்கு அனுமதியில்லை. பண்ணை முதலாளியிடம் நிலம் இருந்தது, மாதக் கூலி கொடுக்க ரொக்கம் இல்லை. விடுதலை பெற்றவர்களோ, கங்காணியின் கீழ் கும்பலாக வேலை செய்யும் பழைய முறைக்குத் திரும்ப அறவே மறுத்து, குடும்பமாகத் தனித்து உழுவதையே விரும்பினார்கள். இந்த இரண்டும் சந்தித்த இடத்தில் பிறந்ததுதான் வாரச் சாகுபடி. தொடக்கத்தில் அது கறுப்பினத்தவருக்கு ஒரு சிறு வெற்றியாகவே தோன்றியது என்பதைப் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன.

சிக்கல் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் இருந்தது. சோளமாவு, உப்பிட்ட பன்றிக்கறி, வெல்லப்பாகு, துணி, உரம் எல்லாவற்றையும் ஊர்க் கடையில் பற்றெழுதித்தான் வாங்க வேண்டும். ஈடாக வைக்க வேறொன்றும் இல்லாததால் இன்னும் விளையாத பயிரையே கடைக்காரருக்கு ஈடு எழுதிக் கொடுத்தார்கள், மாநிலச் சட்டங்களும் அதற்கு இடம் தந்தன. ஒரே பொருளுக்கு ரொக்க விலை ஒன்று, கடன் விலை வேறொன்று. அந்த வேறுபாட்டையும் வட்டியையும் சேர்த்து ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பல இடங்களில் 50 விழுக்காட்டைத் தாண்டும். ஒரு கடைக்கு ஈடு எழுதிவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் வேறு கடையில் கடன் பெயராது.

கணக்கு எப்படி முடியும் என்பதை ஓர் எடுத்துக்காட்டாகப் போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பம் 500 பவுண்டு எடையுள்ள 5 பொதிப் பருத்தி எடுக்கிறது, விலை பவுண்டுக்கு 8 சென்ட் என்றால் மொத்தம் 200 டாலர். நிலத்துக்காரரின் பாதி வாரம் போக மிச்சம் 100. கடைப் பேரேட்டில் 115 டாலர் பற்று நிற்கிறது. 15 டாலர் அடுத்த ஆண்டுக்குத் தொடரும், அதைத் தீர்க்கும் வரை இதே கடை, இதே நிலம். எடை போடுபவரும் விலை சொல்பவரும் பேரேட்டை எழுதுபவரும் எதிர்த்தரப்புதான், பல பண்ணைகளில் நிலமும் கடையும் ஒருவருடையதே. உழைத்தவருக்கு எழுத்தறிவு இருந்திருந்தாலும், வெள்ளையர் எழுதிய கணக்கைப் பொய் என்று சொல்வது உயிருக்கே ஆபத்து.

இதற்கு மேல் ஒன்று உண்டு. விற்றால் உடனே காசாகும் பருத்தியையே போட வேண்டும் என்று கடைக்காரர் நிபந்தனை வைத்தார். உணவுத் தானியத்துக்கு ஒதுக்கிய இடம் சுருங்க, சாப்பாட்டுக்கே கடன் பெருகியது. எல்லோரும் பருத்தியே போட்டதால் விலையும் விழுந்தது. போர்க்காலத்தில் அமெரிக்கத் துறைமுகங்கள் முற்றுகையில் இருந்தபோது இங்கிலாந்தின் ஆலைகள் எகிப்தையும் இந்தியாவையும் நாடின, நம் திருநெல்வேலிப் பருத்திக்கும் அப்போது நல்ல காலம். போருக்குப் பின் இந்தப் போட்டியும் சேர்ந்துகொள்ள, 1870களின் தொடக்கத்தில் பவுண்டுக்கு 15 சென்ட் அளவில் இருந்த விலை 1894-இல் 5 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது.

சேமித்தவர்களுக்கு நேர்ந்ததும் கொடுமைதான். விடுதலை பெற்றவர்களுக்கென்றே 1865-இல் அரசின் ஒப்புதலோடு தொடங்கப்பட்ட சேமிப்பு வங்கி, அதன் மேலாளர்களின் பொறுப்பற்ற கடன்களாலும் 1873-இன் நிதி நெருக்கடியாலும் 1874-இல் மூடப்பட்டது. சுமார் 61,000 பேரின் பணம் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதில் சிக்கிக்கொண்டது.

இளவேனில்:

இருவருக்கும் மிக்க நன்றி. கடை, பேரேடு, ஈடு என்ற தொடர்பு இப்போது விளங்குகிறது. ஆனால் ஒரு ஐயம். சட்டப்படி அவர்கள் குடிமக்கள். கணக்கு பொய் என்று தெரிந்ததும் அந்தப் பண்ணையை விட்டு வேறு ஊருக்கோ வடக்கிற்கோ போய்விடுவதற்கு என்ன தடை? வாக்குரிமை இருந்ததே, அதைக் கொண்டு இந்த ஈட்டுச் சட்டங்களை மாற்றியிருக்க முடியாதா?

பொருநைக்கரை:

இளவேனில் கேட்டிருப்பதுதான் முக்கியமான கேள்வி. கரிசல்காடு நண்பரின் விளக்கத்தில் எனக்கு ஒரு குறை படுகிறது. கடன் மட்டும் யாரையும் நிலத்தோடு கட்டிவைக்காது, கடனாளி ஓடினால் பிடித்து வரும் சட்டமும் காவலரும் வேண்டும்.

1865 நவம்பரிலேயே மிசிசிப்பி சட்டமன்றம், விடுதலை பெற்றவர்கள் நகர எல்லைக்கு வெளியே நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கக் கூடாது என்றும், ஒவ்வோர் ஜனவரியிலும் வேலைக்கான எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. அவற்றை 1866-இன் குடியுரிமைச் சட்டமும் 1868-இல் குடியுரிமையை உறுதிசெய்த பதினான்காம் திருத்தமும் அடித்துப்போட்டாலும், அவற்றின் நோக்கம் பின்னாளில் இனத்தின் பெயரைச் சொல்லாத சட்டங்களாகத் திரும்பி வந்தது. வேலையின்றித் திரிந்தால் குற்றம், மற்றவரின் ஆளுக்குக் கூடுதல் கூலி சொல்லி அழைத்தால் குற்றம், வெளிமாநிலத்துக்கு ஆள் திரட்டும் முகவருக்குக் கடும் உரிமக் கட்டணம். தண்டனை பெற்றவரைச் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் வாடகைக்கு விட்டு மாநிலங்கள் வருமானம் பார்த்தன; குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பைப் பதின்மூன்றாம் திருத்தமே விலக்காக வைத்திருந்தது.

அலபாமாவின் அலோன்சோ பெய்லி வழக்கைப் பாருங்கள். மாதம் 12 டாலருக்கு ஓராண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டு 15 டாலர் முன்பணம் வாங்கினார், மாதம் 1.25 டாலர் வீதம் அதைக் கழிப்பது ஏற்பாடு. ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வேலை செய்துவிட்டு நின்றுவிட்டார். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டாலே ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கியதாகக் கொள்ளலாம் என்றது மாநிலச் சட்டம், மனத்தில் அப்படி எண்ணமில்லை என்று அவரே சாட்சி சொல்வதற்கும் அங்கே விதி இடம் தரவில்லை. 1911-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தீர்த்தது. ஆனால் தீர்ப்பு வாஷிங்டனில், வயல் அலபாமாவில். நடைமுறை இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

வாக்குரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1870களில் தெற்கிலிருந்து கறுப்பினத்தவர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் சென்றார்கள். ஆயுதக் குழுக்களின் வன்முறையும் 1877-இல் கூட்டாட்சிப் படைகள் ஒதுங்கிக்கொண்டதும் அந்தக் காலத்தை முடித்துவைத்தன. வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் 1890-இல் மிசிசிப்பி சேர்த்துக் கொண்டுவந்தது, மற்ற தென்மாநிலங்களும் அந்த வழியைப் பின்பற்றின. லூசியானாவில் 1896-இல் பட்டியலில் இருந்த 1,30,000-க்கும் மேற்பட்ட கறுப்பின வாக்காளர்கள் 1904-இல் 1,342 பேராகக் குறைந்தார்கள். ஈட்டுச் சட்டத்தை மாற்ற யார் வாக்களிப்பது?

கணக்குக் கேட்டவர்களுக்கு நேர்ந்ததற்கு ஆர்கன்சாவின் எலேன் ஒரு சான்று. 1919-இல் பருத்திக்கு நல்ல விலை இருந்தபோது, வாரக்குடிகள் சங்கம் சேர்ந்து, நியாயமான கணக்குப் பெற ஒரு வழக்கறிஞரை அமர்த்தத் தீர்மானித்தார்கள். செப்டம்பர் 30 இரவு ஹூப் ஸ்பர் என்ற இடத்தின் தேவாலயத்தில் கூடியிருந்தபோது துப்பாக்கிச் சூடு மூண்டது. அடுத்த நாள்களில் வெள்ளையர் கும்பல்களும் வரவழைக்கப்பட்ட படையினரும் சேர்ந்து கொன்ற கறுப்பினத்தவரின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டும் என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. மரண தண்டனை விதிக்கப்பட்ட 12 பேரும் கறுப்பினத்தவர்களே. பல ஆண்டு வழக்காடிய பிறகே, 1923-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் துணைநிற்க, அவர்கள் உயிர் தப்பினார்கள்.

கரிசல்காடு:

பொருநைக்கரை சொன்ன குறையை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கடன் வலை கறுப்பினத்தவரோடு நிற்கவில்லை. பருத்தி விலை விழ விழ, சொந்த நிலம் வைத்திருந்த வெள்ளையர்களும் அதே கடைகளில் ஈடு எழுதி நிலத்தை இழந்தார்கள். 1930 வாக்கில் தெற்கின் குத்தகைக் குடிகளில் வெள்ளையரே எண்ணிக்கையில் அதிகம். அவர்களைப் பிடித்துவைக்கத் துப்பாக்கி தேவைப்படவில்லை, பேரேடே போதுமானதாக இருந்தது. இன்னொரு பக்கம், இத்தனை தடைகளுக்கும் நடுவில் 1910 வாக்கில் கறுப்பின விவசாயிகள் சுமார் ஒன்றரைக் கோடி ஏக்கரைச் சொந்தமாக்கியிருந்தார்கள். ஆகவே உங்கள் கட்டுரையில் 'நிலமற்றவர்கள்' என்று எல்லோரையும் ஒரே வீச்சில் எழுதிவிட வேண்டாம்.

இந்த முறை எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1933-இன் வேளாண்மைச் சட்டம், விலையை உயர்த்தப் பருத்திப் பரப்பைக் குறைக்கச் சொல்லி நிலத்துக்காரருக்குப் பணம் தந்தது. குடிகளுக்கும் பங்கு உண்டு என்பது விதி, ஆனால் பணம் போனது நிலத்துக்காரர் கைக்கு. பரப்பு குறைந்ததால் தேவையில்லாமல் போன குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1934-இல் ஆர்கன்சாவின் டைரன்சாவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே சங்கமாகச் சேர்ந்தது இதை எதிர்த்துத்தான். அடுத்த ஆண்டு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதியோர் ஓய்வூதியத்திலும் பண்ணைத் தொழிலாளரும் வீட்டுவேலை செய்வோரும் விடுபட்டார்கள். 1944 அக்டோபரில் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே ஒரு பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரங்களைப் பலர் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள். அதன் பிறகு, எழுபது ஆண்டுகளாகப் போக விடாமல் பிடித்துவைத்த ஆட்களைப் போகச் சொல்லிப் பண்ணைகளே அனுப்பத் தொடங்கின. அவர்களில் பலர் சிகாகோ, டெட்ராய்ட் போன்ற நகரங்களுக்கு ரயில் ஏறினார்கள். அங்கே வீடு வாங்கக் கடன் கேட்டபோது என்ன நடந்தது என்பது தனி இழையாகப் பேச வேண்டிய பொருள்.