மறு: வட்டை ‘ஃபைனலைஸ்’ செய்வதற்குத் தமிழ்ச்சொல் – ‘முற்றிடு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். டிவிடி பதியும் மென்பொருளின் தமிழாக்கத்தில் மற்ற சரங்கள் (திரையில் தோன்றும் சொற்கள், வாக்கியங்கள்) ஏறக்குறைய முடிந்துவிட்டன. ‘ஃபைனலைஸ்’ மட்டும் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று இருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் பதிந்த வட்டு டிவிடி பிளேயரிலும் பிளேஸ்டேஷன் போன்ற கேம் கன்சோலிலும் ஓடாமல் போவதற்கான சாதாரணக் காரணங்களில் ஒன்று, ‘ஃபைனலைஸ்’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் டிக் போடாமல் விடுவது. புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியை யார் தொடுவார்கள்?

இந்தச் செயலில் வட்டுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சில பரிந்துரைகள் அங்கேதான் வழுக்குகின்றன. ஒருமுறை மட்டும் பதியக்கூடிய டிவிடி-ஆர் வட்டில் படத்தைப் பதிந்த பிறகும் அதற்கு முன்னால் ஓர் இடமும் பின்னால் ஓர் இடமும் நிரப்பப்படாமலே இருக்கும். இது என்ன வகை வட்டு, தரவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புகள் முன்னால் இருக்கும் இடத்துக்கு உரியவை. பின்னால் வருவது, தரவு இதோடு சரி என்று காட்டும் எல்லை. கணினியில் உள்ள டிவிடி ரைட்டர் இவை இல்லாமலும் சமாளித்துவிடும். தான் எழுதிய வட்டுக்கான குறிப்பு வேறு எங்கே இருக்கும் என்று அதற்குத் தெரியும். டிவிக்குக் கீழே இருக்கும் பிளேயரோ ஆலையில் அச்சான வட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. வட்டைப் போட்டதும் சுழலும், லென்ஸ் உள்விளிம்புக்குப் போய்த் தேடும், சுழற்சி தளரும், மறுபடி சுழலும். கடைசியில் திரையில் ‘நோ டிஸ்க்’. அந்த இரண்டு இடங்களையும் எழுதி நிரப்பி, இனி எதையும் சேர்க்க முடியாதபடி வட்டை நிறுத்துவதுதான் ஃபைனலைஸ்.

கல்யாண வீடியோவை நாலு வட்டில் பதிந்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, “நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுது, அத்தை வீட்டு டிவியில ஏன் ஓடலை?” என்று கேட்பவர்களுக்குத்தான் நாம் இந்தச் சொல்லைத் தேடுகிறோம். அவர்களை நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> ‘முடி’ அல்லது ‘இறுதியாக்கு’ போதுமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் பதிவு நூறு சதவீதம் ஆனதும் நம் மென்பொருளே ‘பதிந்து முடிந்தது’ என்று அறிவிக்கிறது. அதைப் பார்த்தவர் வட்டும் முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். வட்டைப் பதிந்து முடிப்பது வேறு, ஃபைனலைஸ் செய்வது வேறு என்பதை உணர்த்த வேண்டிய இடத்தில், இரண்டையும் ஒன்றாகக் காட்டும் சொல்லை வைக்கக் கூடாது. ‘இறுதியாக்கு’ கொஞ்சம் தேவலை. ஆனால் இலங்கையில் குறுந்தகட்டுக்கே ‘இறுவட்டு’ என்றுதான் வழக்கு. ‘இறுவட்டை இறுதியாக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும்.

> ‘மூடு’ அல்லது ‘பூட்டு’.

ஒரே திரையில் சாளரத்தை மூடு, தட்டை மூடு, வட்டை மூடு என்று மூன்று மூடல்கள் வந்துவிடும். ‘பூட்டு’ என்றால் கடவுச்சொல் கேட்கும் என்று நினைப்பார்கள்.

> ‘கடைக்காப்பிடு’. சம்பந்தர் பதிகங்களின் கடைசிப் பாட்டைக் கடைக்காப்பு என்கிறோம் அல்லவா?

ஐயா, இதைப் படித்ததும் உண்மையிலேயே மகிழ்ந்தேன். பாடியவர் யார், பாடினால் என்ன பயன் என்று சொல்லிப் பதிகத்தை நிறைவு செய்யும் பாட்டு அது. வட்டின் பின்னெல்லைக்கு அப்படியே பொருந்துகிறது. தடை ஒன்றுதான்: இதே மென்பொருளில் ‘காப்பு’ என்பதை நகலெடுத்துப் பாதுகாப்பதற்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டோம். பக்கத்துப் பட்டியில் ‘காப்பெடு’ இருக்கும்போது இங்கே ‘கடைக்காப்பிடு’ என்று வந்தால், இன்னொரு நகல் எடுக்கிறது போல என்று நினைத்துவிடுவார்கள். மனமில்லாமல்தான் இதை விடுகிறேன்.

> ‘பொதுவாக்கு’. எல்லாக் கருவியிலும் ஓடச் செய்வதுதானே நோக்கம்?

இதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். நிறைவேற்ற முடியாத வாக்கை இந்தச் சொல் கொடுக்கிறது. வட்டைச் சரியாக ஃபைனலைஸ் செய்தாலும் ஓடாமல் போக வேறு காரணங்கள் ஏராளம். 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி படம் ஓட்டும், ஆனால் விசிடியை ஏற்காது. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் டிவிடி படம் பார்க்கவே தனியாக விற்ற ரிமோட் தொகுதியை வாங்க வேண்டியிருந்தது. நின்டெண்டோ வீயில் டிவிடி படமே ஓடாது. ஏவிஐ வீடியோ கோப்பை அப்படியே தரவு வட்டாகப் பதிந்தால், அந்த வடிவம் தெரிந்த பிளேயர் மட்டும்தான் ஓட்டும். மற்றவற்றுக்கு எம்பெக்-2 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றி ‘வீடியோ_டிஎஸ்’ அடைவுக்குள் முறைப்படி அடுக்க வேண்டும். அழித்து மறுபடி பதியக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ வட்டின் கதை இன்னும் வேடிக்கை. அது ஒளியைத் திருப்பி அனுப்புவது 18 முதல் 30 சதவீதம்தான், ஒற்றை அடுக்கு அச்சு வட்டிலோ 45 முதல் 85 சதவீதம். பழைய பிளேயர்கள் சில அந்த மங்கலைப் பார்த்து, இது இரட்டை அடுக்கு வட்டு என்று எண்ணி, இல்லாத இரண்டாம் அடுக்கைத் தேடித் திணறும். இவற்றில் எதையும் ஃபைனலைஸ் சரிசெய்யாது. ‘பொதுவாக்கு’ என்று எழுதிவிட்டு வட்டு ஓடவில்லை என்றால், பயனர் நம் சொல்லை நம்பியதற்காக ஏமாந்திருப்பார்.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன்: முற்றிடு.

நம் இலக்கணத்தில் வினைச்சொல் இரண்டு நிலையில் நிற்கும். ‘வந்து’ என்பது எச்சம். பின்னால் இன்னும் ஏதோ வர வேண்டும் என்று காத்திருக்கிறது. ‘வந்தான்’ என்பது முற்று. அதன் பொருள் நிறைந்துவிட்டது, தொடர்ச்சி எதையும் கேட்பதில்லை. வட்டிலும் இதே இரண்டு நிலைகள்தான். ஃபைனலைஸ் செய்யாத வட்டு இன்னொரு பதிவு அமர்வுக்கு இடம் வைத்துக் காத்திருக்கிறது, செய்த வட்டு தன்னளவில் நிறைந்து நிற்கிறது. ஆறாம் வகுப்பு இலக்கணம் படித்தவருக்கும் ‘முற்று’ பழகிய சொல். கதையின் கடைசியில் ‘முற்றும்’ பார்க்காதவர் இல்லை. ‘முடிந்தது’ என்ற அறிவிப்போடும் இது குழம்பாது.

புணர்த்திப் பார்த்தாலும் தடையில்லை. முற்றிட்ட வட்டு, முற்றிடாத வட்டு, ‘வட்டு முற்றிடப்படுகிறது, காத்திருங்கள்’. டிவிடி-ஆர்டபிள்யூவில் சில ரெக்கார்டர்கள் இந்தச் செயலைத் திரும்பப் பெறவும் விடும். அதற்கு ‘முற்று நீக்கு’. முற்றிடாத வட்டை ‘எச்ச வட்டு’ என்றும் சொல்லலாமே என்று தோன்றும், ஆனால் பறவை எச்சம் நினைவுக்கு வந்துவிடும், வேண்டாம். ‘முற்றுகையிடு’ போல ஒலிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். பொத்தானில் ‘வட்டை முற்றிடு’ என்று செயப்படுபொருளோடு சேர்த்தே எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

இதோடு ஒட்டிய இரண்டு சொற்களையும் இப்போதே முடிவு செய்யலாம். முன்னாலும் பின்னாலும் நிரப்ப வேண்டிய இடங்கள் என்று மேலே சொன்ன லீட்-இன், லீட்-அவுட் பகுதிகளுக்கு ‘உள்வளையம், வெளிவளையம்’ என்று வந்திருக்கிறது. ஒற்றை அடுக்கு வட்டைப் பார்த்தால் சரிதான், தரவு உள்ளிருந்து வெளியே போகிறது. இரட்டை அடுக்கு டிவிடி-வீடியோவில் பெரும்பாலும் முதல் அடுக்கு உள்ளிருந்து விளிம்புவரை போகும், இரண்டாவது அங்கிருந்து திரும்பி உள்ளே வரும். அப்போது முடிவுப் பகுதியும் மையத்துக்கு அருகில்தான் அமையும், ‘வெளிவளையம்’ பொய்யாகிவிடும். அதனால் படிக்கும் வரிசையை வைத்து முன்பட்டை, பின்பட்டை என்கிறேன். டிவிடி-ஆர் போன்ற இன்னொரு வகையான டிவிடி பிளஸ் ஆர் வட்டில், பழைய பிளேயர் ஏற்றுக்கொள்வதற்காக ‘நான் டிவிடி-ரோம்’ (ஆலையில் அச்சான வட்டு) என்று மாற்றி எழுதும் அந்தக் குறிப்புக்கு ‘வகைக்குறி’ போதும்.

பெட்டிக்குப் பக்கத்தில் வரும் சரத்தையும், சுட்டியை அதன்மேல் வைத்தால் தோன்றும் விளக்கத்தையும் இப்படி எழுதியிருக்கிறேன்:

“வட்டை முற்றிடு”
“இதற்குப் பிறகு இந்த வட்டில் எதையும் சேர்க்க முடியாது. டிவிடி பிளேயர், கேம் கன்சோல் போன்றவற்றில் போடுவதாக இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடங்கள் ஆகலாம்.”

கடைசி வாக்கியம் தேவையா என்று கேட்பீர்கள். பத்து நிமிட வீடியோவுக்குக்கூட முன்னேற்றப் பட்டை நகராமல் நின்றது போலத் தெரியும். சில மென்பொருள்கள் பழைய பிளேயர்களை எண்ணிக் குறைந்தது 1 ஜிபி அளவுக்கு நிரப்பிவிட்டுத்தான் நிறுத்தும். உறைந்துவிட்டது என்று பயந்து நடுவில் வட்டை வெளியே எடுத்தால் அது வீணாகிவிடும். ஆகவே அந்த வாக்கியம் இருக்கட்டும்.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ‘முற்றாக’ உங்கள் பக்கம் அன்றாடச் சொல். ‘முற்றிடு’ உங்கள் காதுக்கு எப்படி ஒலிக்கிறது? வேறு மறுப்பு இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள், அன்று இரவு சரங்களைக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ‘பர்ன்’ என்பதற்கு ‘எரி’யா ‘பதி’யா என்ற பழைய பேச்சு வேறு இழையில் நடக்கட்டும்.