ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்த ரூட்

தினேஷ், காலை 7:40
முரளி அண்ணா, எழுந்துவிட்டீர்களா? நேற்று அலுவலகத்தில் நெட்வொர்க் மொத்தமும் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. நான் சேர்ந்து மூன்றாவது வாரம்தான்.

கவிதா அக்கா
எதையாவது பிடுங்கிவிட்டாயா?

தினேஷ்
பிடுங்கவில்லை அக்கா, யாரோ சொருகிவிட்டார்கள். மேஜைக்கு அடியில் கிடந்த குட்டி சுவிட்சிலிருந்து (கணினிகளைக் கேபிளில் இணைக்கும் பெட்டி) இரண்டு கேபிள், சுவரில் இருந்த இரண்டு சாக்கெட்டிலும். ரேக்கில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் படபடவென்று துடித்தன.

முரளி அண்ணன், 7:52
லூப், கேபிள் வளையம். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்ற ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து கடைசியில் செத்துவிடும். சுவிட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படிச் சாவே கிடையாது. எல்லோருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் வளையத்துக்குள் புகுந்தால், யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.
ஆனால் ஸ்பானிங் ட்ரீ தடுத்திருக்க வேண்டுமே?

தினேஷ்
கணினி போர்ட்டுகளில் மட்டும் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். கணினியைப் போட்டால் ஐபி வர அரை நிமிடம் ஆகிறது என்று முன்பு இருந்தவர் அணைத்துவிட்டாராம்.

முரளி அண்ணன்
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறார்.

பெரியப்பா
ட்ரீ என்றால் மரமா? எனக்கும் புரிகிற மாதிரி சொல்லப்பா.

முரளி அண்ணன்
மரமேதான் பெரியப்பா. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போக ஒரே வழிதானே இருக்கும்? சுவிட்சுகள் தங்களுக்குள் ஒன்றை ரூட்டாக, அதாவது வேராக, வைத்துக்கொள்ளும். மற்றவை ரூட்டுக்குப் போகச் செலவு குறைந்த பாதையை எடுத்துக்கொண்டு, வளையம் உண்டாக்கும் போர்ட்டை அடைத்துவிடும். கேபிள் அங்கேயே தூங்கும். வேறு கேபிள் அறுந்தால் எழுந்துகொள்ளும். ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-இல் உருவாக்கியது.

பெரியப்பா
கெட்டிக்கார அம்மா 👏

தினேஷ்
அந்த அரை நிமிடம் எதற்கு அண்ணா?

முரளி அண்ணன்
பழைய ஸ்பானிங் ட்ரீ (எஸ்டிபி) போர்ட்டைத் திறக்கும் முன் 15 விநாடி கேட்கும், 15 விநாடி முகவரி கற்கும். தூரத்தில் ஒரு இணைப்பு போனால் இன்னும் 20 காத்திருக்கும், ஆக 50. 2001-இல் அதன் வேகமான வடிவம் ஆர்எஸ்டிபி வந்தது. அதில் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்வதில்லை. பக்கத்து சுவிட்சிடம் நேராகக் கேட்டு, அது சரி என்றதும் திறந்துவிடும். பல நேரம் ஒரு விநாடிகூட ஆகாது.
ஆனால் கணினியிடம் கேட்டால் அது பதிலே சொல்லாது. அதனால் அந்த போர்ட்டில் மட்டும் மறுபடி அதே 30 விநாடி. கணினி போர்ட்டுகளை எட்ஜ் என்று அறிவித்துவிடு, உடனே திறக்கும். கூடவே பிபிடியு கார்டு (guard) என்ற காவலைப் போடு; சுவிட்சுகள் பேசிக்கொள்ளும் பிபிடியு செய்தி அங்கே வந்தால் போர்ட்டை மூடிவிடும்.

தினேஷ்
அது குட்டி சுவிட்சைப் பிடிக்குமா?

முரளி அண்ணன்
பெரும்பாலும் பிடிக்கும். குட்டிக்கு ஸ்பானிங் ட்ரீ தெரியாது, ஒரு பக்கம் வந்த பிபிடியுவை மறுபக்கம் அப்படியே தள்ளிவிடும். நாம் அனுப்பியது நம்மிடமே திரும்பி வரும், போர்ட் மூடிக்கொள்ளும்.

தினேஷ், 10:15
எல்லாவற்றிலும் ரேபிட் பிவிஎஸ்டி போட்டுவிட்டேன். பிரையாரிட்டி 32769 என்று காட்டுகிறது. 32768தானே?

முரளி அண்ணன்
அந்த 1 உன் விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) எண். பிவிஎஸ்டி சிஸ்கோ வழி, விலானுக்கு ஒரு மரம். விலான் 10-இல் பார், 32778 இருக்கும். உனக்கு அது போதும். விலான்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால்தான் எம்எஸ்டிபி, பல விலானை ஒரே மரத்தில் கட்டிவிடலாம். ஆனால் ரீஜன், அதாவது சுவிட்சுக் குழுவின் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் பக்கத்து சுவிட்ச் வேறு ரீஜன் ஆகிவிடும். நான் ஒரு ராத்திரி முழுக்க அதில் மாட்டியிருக்கிறேன்.
சரி, ரூட் யார்?

தினேஷ், 11:05
ரூட்டின் மேக் முகவரியை (கருவியின் பிறவி எண்) வைத்துத் தேடிக் கண்டுபிடித்தேன். ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், தூசி படிந்த 100 மெகாபிட் சுவிட்ச் 😳

கவிதா அக்கா
அதற்கு யார் ஓட்டுப் போட்டது?

முரளி அண்ணன்
யாரும் போடவில்லை. பிரையாரிட்டி எண் சிறியதுதான் ரூட் ஆகும்; அது எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தால் மேக் முகவரி சிறியது ஜெயிக்கும். பழசுக்கு அது அடிக்கடி வாய்க்கும்.
இரண்டு மாடி சுவிட்சும் அதோடும் சேர்ந்திருக்கின்றன, தங்களுக்குள் ஒரு ஜிகாபிட் கேபிளும் உண்டு, சரியா?

தினேஷ்
ஆமாம்.

முரளி அண்ணன்
100 மெகாபிட்டுக்குச் செலவு 19, ஜிகாபிட்டுக்கு 4. ரூட்டுக்கு நேராகப் போனால் 19, அடுத்த மாடி வழியாகப் போனால் 4 + 19 = 23. இரண்டுமே நேர் வழியைத்தான் எடுக்கும். நல்ல ஜிகாபிட் கேபிள் தூங்கிக்கொண்டிருக்கிறது. மாடிக்கு மாடி போகும் எல்லாமே அந்தத் தூசிப் பெட்டி வழியாகத்தான்.

தினேஷ்
கோப்பு அனுப்ப இவ்வளவு நேரம் ஆகிறதே என்று எல்லோரும் திட்டுவது இதனால்தானா!

முரளி அண்ணன்
முதல் மாடிக்கு 4096, இரண்டாம் மாடிக்கு 8192 கொடு. முதலாவது போனால் இரண்டாவது ரூட் ஆகும். வேலை நேரத்தில் கை வைக்காதே, மரம் மறுபடி கட்டும்போது ஆட்டம் காட்டும்.

தினேஷ், இரவு 7:30
மாற்றிவிட்டேன். ஸ்டோர் ரூம் பெட்டியில் இப்போது ஒரு போர்ட் மட்டும் ஆரஞ்சாக நிற்கிறது.

முரளி அண்ணன்
அதுதான் தூங்குகிறது. எழுப்பாதே.

பெரியப்பா
👍