உத்தரமேரூர்க் கல்லில் என்ன எழுதியிருக்கிறது? குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மாமா: (முன்னனுப்பப்பட்ட செய்தி) உலகின் முதல் மக்களாட்சி நம் மண்ணில்தான்! 1,100 ஆண்டுகளுக்கு முன்பே உத்தரமேரூரில் ஊர் மக்கள் அனைவரும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அனைவருக்கும் பகிருங்கள்!

தம்பி: அருமை மாமா. அலுவலக நண்பர்களுக்கும் அனுப்பப் போகிறேன்.

பெரியம்மா: கொஞ்சம் பொறு கண்ணா. உத்தரமேரூர் உண்மை, 1,100 ஆண்டுகளும் உண்மை. "ஊர் மக்கள் அனைவரும்" என்பதும் "வாக்களித்து" என்பதும் கல்லில் இல்லை. எங்கள் வகுப்பில் இப்போது அந்தக் கல்வெட்டைத்தான் வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

மாமா: வகுப்பா? என்ன வகுப்பு அக்கா? எங்களிடம் சொல்லவே இல்லையே.

பெரியம்மா: கல்வெட்டு படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு. ஞாயிறு காலையில் நடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். பழைய எழுத்து கொஞ்சம் கைக்கு வந்த பிறகு எல்லாரிடமும் சொல்லலாம் என்று இருந்தேன். உன் செய்தி வந்துவிட்டது.

அத்தை: அண்ணி, அப்படியானால் கல்லில் என்னதான் இருக்கிறது? சொல்லுங்கள்.

பெரியம்மா: வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919, 921. "மதிரை கொண்ட கோப்பரகேசரிவன்மர்க்கு யாண்டு" என்று தொடங்கும். ஆமாம், மதுரையைக் கல்லில் "மதிரை" என்றுதான் வெட்டியிருக்கிறார்கள்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரிக்கிறார்கள். இப்போதைய வார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்தில் இடுகிறார்கள். சபை முழுவதும் கூடியிருக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கவைக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், சேர்கிறார். ஆக, இது சீட்டுக் குலுக்கல். யாருக்கு எத்தனை வாக்கு என்ற எண்ணிக்கையே கிடையாது.

தம்பி: தகுதி என்றால்?

பெரியம்மா: அங்கேதான் விஷயம் இருக்கிறது. 14ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். வேலி என்பது பழைய நில அளவு. சொந்த மனையில் வீடு கட்டி அதில் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வேதம் கற்று, பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும், அதாவது உரைநூலும், அறிந்தவராக இருந்தால் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) வேலி நிலமே போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பதுதான் கல்லில் உள்ள பெயர். நிலம் இல்லாதவர்களின் ஓலை அந்தக் குடத்துக்குள் போகவே போகாது. பெண்கள் ஓலையும் போகாது.

மாமா: அப்படியானால் பெருமைப்பட ஒன்றுமே இல்லை என்கிறீர்களா அக்கா? எல்லாவற்றையும் இப்படிக் குடைந்து பார்த்தால் என்னதான் மிஞ்சும்?

பெரியம்மா: நிறைய மிஞ்சும். அந்தச் செய்தியில் இருப்பதைவிட அதிகமாகவே மிஞ்சும். யார் யார் வாரியத்துக்கு வரக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது, கேள். முதலிலேயே வருவது, "எப்பேர்ப்பட்ட வாரியங்களும் செய்து கணக்குக் காட்டாதே இருந்தார்." முன்பு பதவியில் இருந்து கணக்கு ஒப்படைக்காதவர்கள். அவர்களோடு நிற்கவில்லை, அவர்களுடைய உறவினர்களுக்கும் தடை. சிற்றவை பேரவை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு உடன்பிறந்தவர், தந்தையோடு உடன்பிறந்தவர் என்று உறவு உறவாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

நான்: பெரியம்மா, சிற்றவை பேரவை என்றால் சித்தியும் பெரியம்மாவுமா?

பெரியம்மா: அதேதான். நான் கணக்குக் காட்டவில்லை என்றால் இந்தக் குழுவில் இருக்கும் ஒருவரும் வாரியத்துக்குப் போக முடியாது.

அத்தை: அண்ணி, 30 வருடம் தணிக்கை வேலை பார்த்தவள் நான். கணக்கு ஒப்படைக்காதவரின் அத்தை மகனுக்குக்கூடத் தடை என்று விதி எழுதியிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன் யாரோ ஒருவர் அத்தை மகன் பெயரில் உள்ளே புகுந்திருக்கிறார் என்று அர்த்தம். நடக்காத ஒன்றுக்கு யாரும் இவ்வளவு நுணுக்கமாக விதி எழுத மாட்டார்கள்.

பெரியம்மா: இதை, இதைத்தான் சொல்ல வந்தேன்! வகுப்பில் ஆசிரியர் எங்களிடம் கேட்ட கேள்வியும் இதுவே. 12ஆம் ஆண்டு விதியில் வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில் அதை 35 முதல் 70 என்று மாற்றுகிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்று கல் சொல்லவில்லை. வகுப்பில் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர் ஒருவர். அவர்கள் இருவரும் பேசத் தொடங்கினால் பாடம் வேறு உயரத்துக்குப் போய்விடுகிறது. விதி எப்போது திருத்தப்படும், யார் திருத்தச் சொல்வார்கள் என்று வாழ்க்கையில் பார்த்தவர்கள் அவர்கள். கல்லூரியில் இதே பாடத்தை 19 வயதில் படித்தேன். "குடவோலை முறை, ஐந்து மதிப்பெண்" என்பதோடு சரி.

மாமா: மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று பதவிக்கால விதி ஏதாவது உண்டா?

பெரியம்மா: கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. வேலை ஓர் ஆண்டுக்கு மட்டும். சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு, 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரியைப் பார்த்துக்கொள்ள என்றே தனி வாரியம் இருந்திருக்கிறது, பார்.

மாமா: இதைப் போட்டிருந்தால் நானே இன்னும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன்.

தம்பி: நான் அனுப்பவில்லை பெரியம்மா. உங்கள் செய்தியைத்தான் அனுப்பப் போகிறேன்.

சித்தி: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்து முடித்தேன். அக்கா, எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனால் பழைய எழுத்தெல்லாம் இந்த வயதில் மண்டையில் ஏறுமா? நேற்று வைத்த சாவியே இன்று கிடைக்கவில்லை.

பெரியம்மா: ஏறும். மனப்பாடம் செய்ய வேண்டியது குறைவு. சோழர் காலத் தமிழ் எழுத்தில் பாதியை இன்றைய எழுத்தை வைத்தே ஊகித்துவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் வரும். கல்லில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். "க" என்று இருப்பது க-வா க்-கா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். "ர"வும் துணைக்காலும் ஒரே வடிவம். எ, ஏ வேறுபாடு கிடையாது. ஒ, ஓ-வும் அப்படியே. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் விடமாட்டார்கள். ஆகவே எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது, சொல் தெரிய வேண்டும்.

அந்த இடத்தில் நம் வயதுக்காரர்களுக்குத்தான் வசதி. குறுணி, நாழி, உழக்கு, மா, காணி, வேலி போன்ற அளவுகள் எல்லாம் பாட்டி வாயில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வகுப்பில் இருக்கும் இளம் பிள்ளைகள் எழுத்தைச் சட்டென்று பிடித்துவிடுகிறார்கள், "உழக்கு" வந்தவுடன் நின்றுவிடுகிறார்கள். நாங்கள் எழுத்தில் தடுமாறுவோம், சொல்லைப் பிடித்துவிடுவோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தபடியே போகிறது.

சித்தி: தேர்வு வைப்பார்களா? அதைத்தான் முதலில் சொல்லுங்கள்.

பெரியம்மா: கிடையாது. விரும்பினால் வீட்டில் ஒரு பக்கம் படித்து எழுதி வரலாம், அவ்வளவுதான்.

தம்பி: அம்மா, தேர்வு இல்லாத படிப்பு ஒன்றும் புதிதில்லை. டென்மார்க்கில் 1844இல் ரெட்டிங் என்ற ஊரில் வளர்ந்தவர்களுக்காக முதல் மக்கள் உயர்பள்ளி திறந்தார்கள். குருண்ட்விக் என்பவருடைய எண்ணத்திலிருந்து வந்தது. வரலாறும் மொழியும் பாட்டும்தான் பாடம், தேர்வு இல்லை. பிறகு 1973இல் பிரான்சில் துலூஸ் நகரத்தில் ஓய்வு பெற்றவர்களுக்காக "மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்" தொடங்கினார்கள். அது பிரிட்டனுக்குப் போனபோது இன்னும் மாறிவிட்டது. தனியாக ஆசிரியர் என்று யாரும் இல்லை. உறுப்பினர்களே தங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். இங்கே பிரிட்டனில் என் பக்கத்து வீட்டுத் தாத்தா அதில் ரோமானிய நாணயங்கள் பற்றி வகுப்பு எடுக்கிறார்.

சித்தி: நீ சொன்னதும் தைரியம் வருகிறது. ஆனால் நான் இருக்கும் ஊரில் அக்கா போகும் வகுப்பு இல்லையே. இணையத்தில் நிறைய விளம்பரம் வருகிறது. எதில் சேர்வது?

பெரியம்மா: நான் முதலில் வேறொரு வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பேசியவர் அழகாகத்தான் பேசினார். இராஜராஜன் வாளை உருவினான், கடல் பொங்கியது என்று கதை போலப் போகும். எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று கேட்டால், "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்பார். இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், பிறகு போகவில்லை. இப்போதைய ஆசிரியர் மைப்படியின் நகலை முன்னால் வைத்துவிட்டு, "நீங்களே படியுங்கள்" என்று பேசாமல் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் திணறுவோம். திணறிய பிறகுதான் வாயைத் திறப்பார். சேரும் முன் ஒன்றே ஒன்று கேட்டுப் பார். மூலத்தை உன் கையில் கொடுப்பார்களா, அல்லது மூலத்தைப் பற்றிப் பேசுவார்களா? கையில் கொடுப்பவர்களிடம் சேர். வெண்கலச் சிலையோ, செப்பேடோ, பழைய பத்திரிகையோ, எதைப் படிக்கப் போனாலும் இதுதான் கேள்வி.

நான்: மைப்படி என்றால் பெரியம்மா?

பெரியம்மா: கல்வெட்டைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, ஈரத் தாளை அதன் மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுவார்கள். எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும். மேலே மையை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் நிற்கும். அப்படி எடுத்த படிகளை வைத்துத்தான் ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியை 1890இல் வெளியிட்டார். ஆனால் நீங்களாக எந்தச் சுவரிலும் முயன்று பார்க்காதீர்கள். முறைப்படி பயின்றவர்கள் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் மாவு பூசுவதும் கல்லுக்குக் கேடு. மணலை வீசிச் சுத்தம் செய்ததில் மழுங்கிப்போன சுவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து, ஒரு மதிய வேளையில் போய்விடுகிறது.

அத்தை: தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எத்தனை முறை போயிருக்கிறோம். சுவரில் எழுத்து இருப்பது தெரியும். ஒரு வரிகூடப் படித்ததில்லை அண்ணி.

பெரியம்மா: அங்கே என்னை உலுக்கியது அரசன் இராஜராஜனுடைய வாசகம் இல்லை. அதுவும் அழகுதான்: "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று தன் கொடைக்கு அடுத்ததாக அக்காள் குந்தவையின் கொடையை வைக்கிறான். ஆனால் இன்னொரு கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் இருக்கின்றன. ஆடற்பெண்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒருத்தி விடாமல். ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். அதே கல்வெட்டில் நட்டுவர், தையல்காரர், நாவிதர், குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர் எல்லாரும் வருகிறார்கள். அவர்கள் விரும்பித்தான் வந்தார்களா என்று கல் சொல்லாது. அதையும் வகுப்பில் பேசினோம், நெடுநேரம் பேசினோம்.

மாமா: அக்கா, வகுப்பில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த 400 பெயர்களையும் படிக்க வேண்டும். எங்கே கிடைக்கும்?

பெரியம்மா: தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி, 66ஆம் எண். தமிழ் மூலம், கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கோப்பைக் குழுவில் போடுகிறேன். தமிழ் எண்கள் வரும், க என்றால் 1, உ என்றால் 2. அந்தப் பட்டியலையும் சேர்த்துப் போடுகிறேன்.

சித்தி: நான் வகுப்பில்தான் சேர்வேன் அக்கா. உங்கள் ஆசிரியர் இணையவழியில் எடுப்பாரா?

பெரியம்மா: புதிய அணிக்கு எடுக்கிறார். சனிக்கிழமை மாலை. உன் பெயரைக் கொடுக்கட்டுமா?

சித்தி: கொடுங்கள்.

அத்தை: என் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள் அண்ணி. கணக்குக் காட்டாதவர்கள் பகுதி எப்போது வரும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பெரியம்மா: முதல் சில வாரங்கள் எழுத்து மட்டும்தான். கோடு போடாத நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கி வையுங்கள். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.