ஐசோடாக்டிக்: 'சமச்சீர்' வேண்டாம், 'ஒருபுற' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

புரோப்பிலீன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவாகும் பிளாஸ்டிக்தான் பாலிபுரோப்பிலீன்; இப்படிப்பட்ட சங்கிலிச் சேர்மம்தான் பலபடி (பாலிமர்). அதன் ஒரு வகையான ஐசோடாக்டிக் பாலிபுரோப்பிலீனுக்குத் தமிழில் 'சமச்சீர்ப் பலபடி' எனலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ஓசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சமச்சீர் என்றதும் வேதியியல் மாணவருக்குச் சிம்மெட்ரிதான் நினைவுக்கு வரும். இங்கே கேள்வி, சங்கிலியில் கிளையாக நிற்கும் மெத்தில் தொகுதி (CH₃) அதன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான்.

ஒரு சீப்பை எடுத்துப் பாருங்கள். பற்கள் எல்லாம் ஒரே பக்கம். ஐசோடாக்டிக் சங்கிலியை நீட்டி வரைந்தால் மெத்தில்கள் அப்படித்தான் நிற்கும். கறிவேப்பிலை ஈர்க்கில் இலைகள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும், அது சிண்டியோடாக்டிக். ஆகவே ஒருபுறப் பலபடி, மாறுபுறப் பலபடி. மெத்தில்கள் ஒழுங்கே இல்லாமல் நிற்கும் அடாக்டிக்கை ஒழுங்கிலாப் பலபடி என்றால் போதும். மூன்றையும் வகைப்படுத்தும் பண்பான டாக்டிசிட்டியைப் புறவொழுங்கு எனலாம். கிரேக்க வேரிலிருந்து ஐசோடாக்டிக் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவரே இலக்கியம் படித்த ஒருவர்தான்: இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டாவின் மனைவி ரோசிட்டா பெயாத்தி. நாமும் நம் வேரிலிருந்து எடுக்கலாமே.

பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்தாலும் பக்கம்தான் எல்லாம். 1954 மார்ச்சில் மிலான் பாலிடெக்னிக்கில் நட்டா குழுவினர், ஜெர்மன் வேதியியலாளர் சீக்லரின் டைட்டானியம் டெட்ராகுளோரைடு, டிரைஎத்தில் அலுமினியம் கலவையை வினையூக்கியாக (கேட்டலிஸ்ட்) கொண்டு புரோப்பிலீனைப் பலபடியாக்கினார்கள். கிடைத்தது ஒரே சரக்கு அல்ல. ஒரு பகுதி பிசுபிசுவென்று ரப்பர் போல. இன்னொரு பகுதி, கொதிக்கும் கரைப்பானிலும் கரையாமல் நின்ற வெள்ளைப் பொடி. இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே. அந்தப் பொடிதான் சுமார் 165 டிகிரி செல்சியசில் உருகும் ஒருபுறப் பலபடி.

அப்புறம் டெட்ராகுளோரைடுக்குப் பதிலாக ஊதா நிற டைட்டானியம் டிரைகுளோரைடைப் பயன்படுத்தியதும் பொடியின் பங்கு வெகுவாகக் கூடியது. அதே சேர்மத்தின் பழுப்பு நிற பீட்டா வடிவம் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. பழுப்பில் அணுக்கள் நூல் நூலாக இருக்கும். ஊதாவில் அடுக்கடுக்காக இருக்கும். அடுக்கின் ஓரத்தில் குளோரின் இல்லாத ஓர் இடம் காலியாகக் கிடக்கும். அந்த இடுக்கில் புரோப்பிலீன் நினைத்த பக்கமெல்லாம் திரும்பி உட்கார முடியாது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே முகமாக வந்து சேர, மெத்தில்கள் ஒரே புறம் அமைகின்றன.

இதனால்தான் கேட்டலிஸ்டுக்குப் பாடநூலில் வரும் 'வினைவேகமாற்றி' எனக்கு இங்கே ஒப்பவில்லை. இது வேகத்தை மட்டும் மாற்றவில்லை, எந்தப் பொருள் பிறக்க வேண்டும் என்பதையே முடிவு செய்கிறது. சொல்லுக்குள் வேகத்தைப் பூட்டி வைக்காத 'வினையூக்கி' என்பதையே வைத்துக்கொள்வோம்.

இப்படிப் புறத்தைத் தேர்ந்து சேர்க்கும் ஸ்டீரியோஸ்பெசிஃபிக் வினையூக்கிக்குப் 'புறந்தேர் வினையூக்கி' என்று எழுதிப் பார்த்தேன். தேர் என்றதும் கோயில் தேர் நினைவுக்கு வந்துவிடுமோ என்று 'புறந்தேரும் வினையூக்கி' ஆக்கினேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எது இடறவில்லை என்று சொல்லுங்கள்.